மடக்கெழுத்தாணி: கொம்புப் பிடியில் அடங்கிய கத்தி

சட்டைப்பையில் அடங்கும் மடக்குக் கத்தியைத் தமிழில் 'பேனாக்கத்தி' என்கிறோம். பென்சில் சீவவும் பழம் நறுக்கவும் பயன்படும் அச்சிறு கருவிக்கும் பேனாவிற்கும் என்ன உறவு என்று நாம் கேட்பதில்லை. 'பேனா' என்பது போர்த்துக்கீசிய மொழியில் இறகைக் குறிக்கும் சொல்லிலிருந்து நமக்கு வந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுக் காலம் பறவை இறகே எழுதுகோலாக இருந்தது. எழுத எழுத இறகின் நுனி மழுங்கும். அதனை அவ்வப்போது சீவிக் கூராக்க வேண்டும். அவ்வேலைக்கென எழுதுவோர் தம்மிடம் வைத்திருந்த சிறு கத்தியே ஆங்கிலத்தில் 'பென்நைஃப்' எனப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மிங்காம் நகரத் தொழிற்கூடங்கள் எஃகு நிப்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பின் இறகு விடைபெற்றது. கத்தி பழைய பெயரோடு எஞ்சியது. அப்பெயரையே நாமும் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டோம்.

எழுத்து வேலைக்கென்றே அமைந்த மடக்குக் கத்தி தமிழ்நாட்டிலும் இருந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு பெயரும் இருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அதன் பெயர் மடக்கெழுத்தாணி. ஒரே பிடியின் ஒருபுறத்தில் கத்தி, மறுபுறத்தில் எழுத்தாணி. இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். அப்பிடி பெரும்பாலும் மாட்டுக்கொம்பால் ஆனது.

பழைய கொம்புப்பிடிக் கத்திகளைச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஆகிய நகரங்களின் கத்திகளுக்கு அவர்கள் அளிக்கும் மதிப்பு பெரிது. அவற்றோடு ஒப்பிடுகையில் நம் கொம்புப்பிடிக் கத்திக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது தமிழ் எழுத்தின் வரலாற்றுக்கே ஒரு சான்று. எனினும், ஏடுகளைத் தேடித் தேடிக் காத்த நாம் அந்த ஏடுகளை ஆக்கிய கருவியைக் காக்கத் தவறினோம். இக்கட்டுரையின் கவலை அதுவே. எஞ்சியிருப்பவற்றை இனங்காண்பது எவ்வாறு, சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் கெடாமல் பேணுவது எவ்வாறு என்பவையும் இங்கே கூறப்படும்.

மூவகை எழுத்தாணிகள்

எழுத்தாணியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தெளிவான நேர்முகச் சான்று டாக்டர் உ.வே. சாமிநாதையருடையது. 1855இல் பிறந்த அவர் ஏட்டில் எழுதக் கற்ற இறுதித் தலைமுறையினருள் ஒருவர். தாம் இளமையில் கண்ட பள்ளிக்கூடங்களையும் எழுதுகருவிகளையும் பற்றித் தம் உரைநடை நூல்களில் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் குறிப்பிடும் எழுத்தாணி வகைகள் மூன்று: குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி.

குண்டெழுத்தாணியின் தலை குண்டாக இருக்கும், நீளம் குறைவு. எழுதப் பழகும் இளம்பிள்ளைகளுக்கு ஏற்றது. வாரெழுத்தாணி அதனினும் நீண்டது. அதன் மேற்பகுதி கத்தியாக அமைந்திருக்கும். மூன்றாவதான மடக்கெழுத்தாணியே மூன்றனுள்ளும் நுட்பமான வேலைப்பாடு உடையது. அதன் பிடி மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக்கொம்பாலோ அமைவதுண்டு என்றும், கொம்பே பெருவழக்கு என்றும் உ.வே.சா. பதிவு செய்கிறார்.

இவற்றுள் இரண்டு வகைகளில் கத்தி இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. பனையோலை மரத்திலிருந்து வந்தவாறே எழுதுவதற்கு உரியதன்று. ஏற்ற பருவத்து ஓலையைத் தேர்ந்து, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, வெந்நீரில் இட்டுப் பதப்படுத்தி, உலர்த்தி, மெருகேற்றி, ஒரே நீளமும் அகலமும் உடைய இதழ்களாக நறுக்க வேண்டும். ஓரங்களைச் சீராக்கும் இவ்வேலைக்கு 'வாருதல்' என்று பெயர். தலை வாருதல் என்பதில் நாம் இன்றும் வழங்கும் சொல்தான் இது. வாரெழுத்தாணி என்னும் பெயரிலேயே அச்சொல் நிற்கிறது.

ஆகவே எழுத்து என்னும் தொழில் எழுத்தாணியின் முனையில் தொடங்கவில்லை. கத்தியின் அலகில் தொடங்கியது. இன்று காகிதத்தைக் கடையில் வாங்கும் நமக்கு எழுதுபவரே தம் எழுதுபொருளைச் செம்மை செய்துகொள்ள வேண்டியிருந்த நிலை எளிதில் புலப்படாது. இரண்டு தொழில்களையும் ஒரே பிடியில் இணைத்த மடக்கெழுத்தாணி அந்நிலையைச் சொல்லாமற் சொல்கிறது.

கத்தியும் எழுத்தாணியும் இணைந்து வருவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் கண்டிப் பகுதியில் செய்யப்பட்ட அலங்காரக் கத்திகள் சிலவற்றில் கத்தியின் உறையிலேயே எழுத்தாணியைச் செருகிக்கொள்ளத் தனியிடம் உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலுக்குப் பின் அக்கைவினைகள் உலக ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றன. நம்முடைய மடக்கெழுத்தாணிக்கு அத்தகைய நூல் ஒன்று வாய்க்கவில்லை.

ஏன் கொம்பு?

தந்தம் செல்வர்க்கு உரியது. மரம் எங்கும் கிடைப்பது. அவ்வாறிருக்கக் கொம்பு பெருவழக்கானதற்கு அதன் இயல்பே காரணம் எனலாம். கொம்பு நார்த்தன்மை உடையது. தக்கவாறு வெட்டினால் எளிதில் பிளவாது. வெப்பத்தில் இளகும் தன்மையுடையதாதலின் வேண்டிய வடிவுக்கு அதனை வளைக்கலாம், தட்டையாக்கலாம். ஆறியபின் அவ்வடிவம் நிலைக்கும். எடை குறைவு. நாள்தோறும் கையில் புழங்கப் புழங்க மெருகேறும். மடக்கு ஆணி ஊடுருவிச் செல்லும் இடத்தில் சிறிது நெகிழ்ந்துகொடுப்பதால் பல்லாண்டுகள் விரித்து மடக்கினும் பிடி தாங்கும்.

கொம்பு வேதியியல் முறையில் கெராட்டின் என்னும் புரதம். நம் நகமும் மயிரும் அதே பொருளால் ஆனவை. அக்கால எழுத்து முறையோடு இதனைச் சேர்த்து நோக்குவது சுவையானது. ஏட்டில் எழுதுவோர் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறை வடிவில் சிறு பள்ளம் அமைத்துக்கொள்வர். வலக்கையில் பற்றிய எழுத்தாணி அப்பள்ளத்தில் பதிந்து நிற்கும். ஓலை கீறாமலும் கை நழுவாமலும் எழுத அது துணைசெய்யும். வலக்கையில் மாட்டின் கொம்பு. இடக்கையில் மனிதனின் நகம். இரண்டுக்கும் இடையே இரும்பு முனை. தமிழ் நூல்கள் பல நூற்றாண்டுகளாகப் படியெடுக்கப்பட்டது இவ்வாறுதான்.

ஒரு மடக்கெழுத்தாணி உருவாகப் பலர் கைகள் வேண்டும். கொம்பைப் பதப்படுத்தித் தந்தவர் ஒருவர். இரும்பைக் காய்ச்சி அலகும் முனையும் செய்த கொல்லர் ஒருவர். ஓலை கொணர்ந்த பனையேறி ஒருவர். இவர்களுள் எவருடைய பெயரும் நமக்குக் கிட்டவில்லை. ஏட்டின் இறுதியில் எழுதினவர் பெயரும், எழுதி முடித்த ஆண்டும் திங்களும் நாளும் பல சுவடிகளில் காணப்படும். உடையவர் பெயரும் இருக்கும். எழுத்தாணியைச் செய்தவர் பெயரைச் சொல்ல எழுத்தாணியைத் தவிர வேறு சான்று இல்லை.

எத்தனை கருவிகள் இருந்திருக்கும்?

இக்கேள்விக்கு நேரான விடை இல்லை. ஆயினும் அளவை ஓரளவு உணரலாம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் உள்நாட்டுக் கல்வி நிலை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். அவற்றைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பு மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர் எனக் கூறுகிறது. இது தமிழ் மாவட்டங்களை மட்டும் குறித்ததன்று. தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளும் அடங்கும். தொடக்க நிலைப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர்; சில பகுதிகளில் பலகையும் காகிதமும் வழங்கின. ஆகவே எல்லா மாணவரிடமும் எழுத்தாணி இருந்தது என்று கொள்ள முடியாது. என்றாலும் ஆசிரியர்கள், ஏட்டிலக்கணம் அறிந்த மாணவர்கள், ஊர்க் கணக்கர்கள், வணிகர்கள், மடங்களின் எழுத்தர்கள், மருத்துவர்கள், சோதிடர்கள் என அனைவரையும் எண்ணினால் ஒரே காலத்தில் பல்லாயிரம் எழுத்தாணிகள் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அவற்றுள் கத்தியோடு கூடியவை ஒரு பகுதி. வேலை நிமித்தம் ஊர் ஊராகச் செல்வோர்க்குக் கூர்முனை உடலில் படாமல் மடித்து எடுத்துச்செல்லத்தக்க கருவி எத்துணைப் பயனுடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உ.வே.சா. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் புராணங்களுக்கான செய்யுட்களை வாய்மொழியாகவே சொல்லிக்கொண்டு போவார். அருகில் இருப்பவர் ஏட்டில் எழுதுவார். கவியின் வேகத்துக்கு எழுத்தாணி ஈடுகொடுக்க வேண்டும். நின்று ஓலை வாரவோ கருவி தேடவோ நேரமிராது. வாரிய ஓலை முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலமையின் பின்னால் இருந்த இந்த உடலுழைப்பை நம் இலக்கிய வரலாறுகள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

ஏடு பிழைத்தது, கருவி மறைந்தது

இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை 1835இல் நீங்கியது. அதன்பின் சென்னையில் தமிழ் அச்சகங்கள் பெருகின. பள்ளிகளில் சிலேட்டும் காகிதமும் இடம்பிடித்தன. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஏட்டில் எழுதுவது அரிய பழக்கமாயிற்று. உ.வே.சா.வின் வாழ்வே அம்மாற்றத்தின் அளவுகோல். ஏட்டில் எழுதிப் பழகியவர் 1887இல் சீவக சிந்தாமணியைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என அடுத்தடுத்துப் பதிப்புகள் வந்தன. 1903இல் கும்பகோணத்திலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்து திருவல்லிக்கேணிப் பகுதியில் குடியேறினார்.

அவர் ஏடு தேடிய பயணங்களில் கண்ட அழிவுகள் தமிழுலகம் அறிந்தவை. கரையான் தின்றவை, ஆற்றில் விடப்பட்டவை, கரிவலம்வந்தநல்லூரில் நெருப்பில் ஆகுதியாக இடப்பட்டவை என அவர் எழுதியுள்ள செய்திகளைப் படிப்போர் இன்றும் நெஞ்சம் பதைப்பர். அப்பதைப்பே ஏடுகளுக்குக் காவலாயிற்று.

சென்னையில் அதற்கான அமைப்புகள் முன்பே தோன்றத் தொடங்கியிருந்தன. காலின் மெக்கன்சி முதலியோர் திரட்டியவற்றை அடிப்படையாகக் கொண்டு அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1869இல் உருவாயிற்று. இப்பொழுது அது கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் உள்ளது. கர்னல் ஆல்காட் 1886இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் நூலகத்தை நிறுவினார். மயிலாப்பூரில் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம் தோன்றியது. உ.வே.சா. 1942இல் மறைந்தபின், அவர் திரட்டிய சுவடிகளுக்கென ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943இல் அடையாற்றில் நூல்நிலையம் அமைந்தது. பின்னர் அது பெசன்ட் நகரில் தனக்கெனக் கட்டடம் பெற்றது. சென்னையிலுள்ள ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடித் தொகுதி 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2003இல் தேசியச் சுவடிகள் இயக்கம் தொடங்கப்பட்டது.

கோட்டூர்புரம், அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூர் என்று தென்சென்னையின் சில கல் தொலைவுக்குள் இத்தனை ஏடுகள் குவிந்திருக்கின்றன. ஏட்டுக்கு அட்டவணை உண்டு, எண் உண்டு, விளக்கப் பட்டியல் உண்டு, நுண்படமும் மின்னுருவும் உண்டு. எழுத்தாணிக்கோ காட்சிப் பேழையில் ஓர் இடம் கிடைத்தால் அதுவே பெரிது. ஏடு நூல், எழுத்தாணி வெறும் பொருள் என்னும் பாகுபாடு நம் மனத்தில் வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம். நூலைக் காத்தவர்களைக் குறை கூறுவது நோக்கமன்று. அவர்கள் முன் இருந்த பணி மலைபோன்றது. இரண்டில் ஒன்றையே காக்க இயலும் என்ற நிலையில் எவரும் ஏட்டைத்தான் காப்பர். அந்நெருக்கடி இன்று நமக்கு இல்லை.

வீடுகளில் நடந்தது வேறு. ஏட்டை நூலகத்துக்குக் கொடுத்த குடும்பங்களில் எழுத்தாணி பரணில் தங்கியிருக்கும். சரசுவதி பூசையன்று புத்தகங்களோடு சேர்த்து வைத்து, மறுநாள் எடுத்து உள்ளே வைப்பர். தலைமுறை மாறியதும் அது என்னவென்று சொல்ல ஆளில்லாமல் போகும். கத்திப் பகுதியைக் காய் நறுக்கப் பயன்படுத்தித் தேய்ப்பதுண்டு. வீடு இடித்து அடுக்ககம் எழும்பும்போது பழைய இரும்போடு இரும்பாகச் சென்றுவிடும். இரும்பின் எடை சில வராகன். அதன் வழியே போவது ஒரு மொழியின் தொழில் வரலாறு.

சேகரிப்போர் கவனத்துக்கு

பழம்பொருள் கடைகளிலும் இணைய ஏலங்களிலும் எழுத்தாணிகள் இன்று விலைக்கு வருகின்றன. வாங்க எண்ணுவோர் சிலவற்றை நோக்க வேண்டும்.

முதலாவது, பிடி எப்பொருளால் ஆனது என்பது. உருப்பெருக்கியால் நோக்கினால் கொம்பில் நீளவாட்டில் நார் போன்ற வரிகளும் அடுக்குகளும் தெரியும். எலும்பில் நுண்ணிய புள்ளிகளும் சிறு கோடுகளும் காணப்படும்; அவை குருதி நாளங்கள் சென்ற துளைகள். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் உண்டு. பிளாஸ்டிக்கில் இவற்றுள் எதுவும் இராது. கொம்பைச் சுட்டால் மயிர் பொசுங்கும் நாற்றம் எழும் என்பது உண்மையே. ஆனால் அவ்வாறு சோதிப்பது பொருளைச் சிதைப்பதாகும். கண்ணால் அறியக்கூடியதை நெருப்பால் அறிய வேண்டியதில்லை.

இரண்டாவது, சட்டம். தந்த வணிகம் இந்தியாவில் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் செய்யப்பட்ட திருத்தம் இறக்குமதித் தந்தத்தையும் அத்தடைக்குள் கொணர்ந்தது. மான் கொம்பும் அச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே. வீட்டு மாட்டுக்கும் எருமைக்கும் உரிய கொம்புக்கு அத்தடை இல்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். தொல்பொருளைத் தனிமனிதர் எவரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது குற்றம். வெளிநாட்டில் வாழும் உறவினருக்கு அன்பளிப்பாக அனுப்ப எண்ணுவோரும் இதனை மறத்தலாகாது.

மூன்றாவது, பொருளின் கதை. எந்த ஊர், எந்தக் குடும்பம், என்ன தொழில் என்னும் விவரங்களோடு கிடைக்கும் துருவேறிய எழுத்தாணி, கதையில்லாத பளபளப்பான எழுத்தாணியைவிட ஆய்வுக்குப் பன்மடங்கு பயன்படும். விற்பவரிடம் இக்கேள்விகளைக் கேட்டு, விடை சரியோ ஐயத்துக்குரியதோ, கேட்ட நாளோடு குறித்து வைக்க வேண்டும். ஏட்டுக்கட்டும் எழுத்தாணியும் ஒருசேரக் கிடைக்குமாயின் அவற்றைப் பிரித்து வாங்கவும் விற்கவும் கூடாது. கட்டில் உள்ள ஏட்டின் எழுத்தகலம், கோட்டின் ஆழம் ஆகியவற்றை அந்த எழுத்தாணியின் முனையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அப்பிரிவோடு அழிந்துவிடும்.

கடற்கரை நகரத்தில் பேணுதல்

மடக்கெழுத்தாணியைப் பேணுவதில் ஓர் உள்முரண் உண்டு. இரும்பு வறட்சியை விரும்பும். கொம்பு அளவான ஈரத்தை விரும்பும். மிகுந்த ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும். மிகுந்த வறட்சியில் கொம்பு சுருங்கிப் பிளக்கும், அடுக்கடுக்காக உரியும். ஒன்றுக்கு நன்மை செய்யப்போய் மற்றொன்றைக் கெடுத்துவிடக் கூடாது. இத்தகைய கலப்புப் பொருள்களுக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் பெரிதும் மாறாமல் இருப்பது நலம் என்பது பொதுவான வழிகாட்டுதல். சென்னையிலோ ஆண்டின் பெரும்பகுதியில் அது 60 விழுக்காட்டைத் தாண்டியே நிற்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் ஏறும். அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதிகளில் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். உப்பு துருவுக்கு உற்ற துணை.

எளிய வழிகள் போதும். இறுக்கமாக மூடும் பெட்டி ஒன்று. அதில் அமிலமற்ற தாள் அல்லது வெளுத்துத் துவைத்த பருத்தித் துணி. ஒரு சிறு ஈரப்பதமானி. சிறு பையில் சிலிக்கா ஜெல். சிலிக்கா ஜெல்லை அளவின்றிப் போட்டால் கொம்பு வறண்டு வெடிக்கும். ஆதலால் ஈரப்பதமானியைப் பார்த்துக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். குளிரூட்டி பகலில் ஓடி இரவில் நிற்கும் அறையில் ஈரம் ஏறி இறங்கும். அவ்வறையில் திறந்த அலமாரியில் வைத்தலாகாது. கண்ணாடிப் பேழைக்குள் சூடான விளக்கும் வெயில்படும் சன்னலும் கொம்புக்குப் பகை.

பழைய தோலுறை இருப்பின் அதனையும் காக்க வேண்டும். ஆனால் கருவியை அதனுள் செருகி வைக்கக் கூடாது. தோல் பதனிடப் பயன்பட்ட பொருள்களும் தோல் உறிஞ்சும் ஈரமும் இரும்பை அரிக்கும். உறையும் கருவியும் ஒரே பெட்டியில் தனித்தனியே இருக்கலாம்.

தூய்மை செய்வதில் நம் வீட்டு வழக்கங்களைக் கைவிட வேண்டும். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தால் பித்தளை ஆணி பளிச்சிடும். அதே நேரத்தில் அமிலம் ஆணித்துளைக்குள் இறங்கி இரும்பையும் கொம்பையும் கெடுக்கும். நீரில் ஊறவைத்தல் அறவே கூடாது. உப்புத்தாள் கொண்டு துருவைத் தேய்த்தல் கூடாது. துருவோடு கொல்லரின் சம்மட்டித் தடமும் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டலாம். செந்நிறத் தூளாக உதிரும் துரு நடப்பில் உள்ள அரிப்பு; அதனை மெல்லிய கனிம எண்ணெய் ஒரு துளி தொட்ட மூங்கில் குச்சியால் மெல்ல நீக்கலாம். கருநிறமாக உறைந்து நிற்கும் படலம் பெரும்பாலும் நிலைபெற்றது. அதனைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை. தேங்காயெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் நாளடைவில் கெட்டுப் பிசுக்காகித் தூசியைப் பிடித்துவைக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மடக்கு இறுகிப்போயிருந்தால் வலிந்து திறக்கலாகாது. கொம்பு முதலில் பிளப்பது ஆணித்துளையில்தான். கனிம எண்ணெய் ஒரு துளி இட்டு ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். அசையாவிடில் மூடியவாறே வைத்திருப்பது தவறன்று. திறக்க முடியாத எழுத்தாணியும் எழுத்தாணிதான்.

கொம்புக்கு மற்றொரு பகை பூச்சி. கம்பளியையும் இறகையும் தின்னும் சிறு வண்டுகளின் புழுக்கள் கெராட்டினால் ஆன கொம்பையும் தின்னும். பிடியில் புதிய குழிகளோ, பெட்டியின் அடியில் மென்தூளோ தென்பட்டால் உடனே அதனைத் தனிமைப்படுத்த வேண்டும். ஏடுகளோடு ஒரே பெட்டியில் வைக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். திங்கள் ஒருமுறை திறந்து நோக்குவது எந்த மருந்தினும் நல்ல மருந்து.

எல்லாவற்றினும் முதன்மையானது: கத்தியைத் தீட்டக் கூடாது. அலகு பலமுறை தீட்டப்பட்டுக் குறுகியிருக்கலாம். ஒருபுறம் மட்டும் தேய்ந்திருக்கலாம். அத்தேய்வு எழுதியவர் எத்தனை ஆண்டு ஓலை வாரினார், எக்கையால் வாரினார் என்பதற்கு அடையாளம். பிடியின் பள்ளத்தில் ஓலைத்துகளும், ஏட்டுக்கு மையாடப் பயன்பட்ட கரியும் தங்கியிருக்கக்கூடும். பார்ப்பதற்கு அழுக்கு, ஆய்வாளருக்கு அது ஆவணம். அழகுக்காக அதனை நீக்குவது, ஏட்டின் இறுதிப் பக்கத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

செய்யத்தக்கது

எழுத்தாணிகளுக்கென விரிவான விளக்கப் பட்டியல் ஒன்று உருவாக வேண்டும். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. கருவியை விரித்தும் மடித்தும், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தல், மொத்த நீளம், கத்தியின் நீளம், எழுத்தாணியின் நீளம், எடை ஆகியவற்றைக் குறித்தல், பிடியின் பொருள், ஆணியின் உலோகம், அலங்காரக் கோடுகள் ஆகியவற்றை எழுதுதல், குடும்பத்தில் வழங்கும் செய்தியைச் சொன்னவர் சொன்னபடியே பதிதல், இவ்வளவே. சில நூறு கருவிகளுக்கு இவ்வாறு விவரம் சேர்ந்தால் வட்டார வேறுபாடுகள் புலப்படத் தொடங்கும். தஞ்சைப் பகுதிப் பிடிக்கும் நெல்லைப் பகுதிப் பிடிக்கும் வேற்றுமை உண்டா, கணக்கர் கருவியும் புலவர் கருவியும் ஒன்றா, யாழ்ப்பாணத்தில் வழங்கியவை எத்தகையன என்னும் வினாக்களுக்கு அப்போதுதான் விடை தேட இயலும். தமிழிலக்கிய மாணவர்கள் ஆய்வேட்டுக்குப் பொருள் கிடைக்கவில்லை என்று சொல்லக் கேட்கிறோம். இதோ ஒரு பொருள், பலர் வீட்டுப் பரணில் இருக்கிறது.

இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள் தம் சொந்த ஊருக்குச் செல்லும்போது முதியோரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். கொம்புப் பிடியிட்ட பழைய மடக்குக் கத்தி ஒன்று அகப்பட்டால் அதன் மறுபுறத்தையும் விரித்துப் பாருங்கள். அங்கே கூரிய முனை ஒன்று இருக்குமாயின் அது பேனாக்கத்தி அன்று. அதனைத் தேய்க்காமல், தீட்டாமல், விற்காமல், முதலில் ஒரு தாளில் ஊரும் பேரும் எழுதி அதனோடு வையுங்கள். எஞ்சியதைப் பின்னர்ச் செய்துகொள்ளலாம்.